குடத்தின் வயிற்றில் ஓர் எண்

தர்மபுரியில் ஒரு ரகசியம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிக் கடைத்தெரு முனைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால், வழியில் அது முனியம்மாளைச் சந்தித்ததா இல்லையா என்று திருப்பிக் கேட்க வேண்டும். சேலத்துப் பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். இரண்டு பேரை இணைத்துக் கொடுத்துவிட்டுத் தன் காதை மட்டும் எடுக்க மறந்துபோகும் வியாதி அவளுக்கு. வேலை போயிற்று. துப்பறியும் குப்புராஜ் சேதி கேட்ட மறுநாளே அவளை உதவியாளராக வைத்துக்கொண்டார். ஊர் குற்றம் என்று சொன்ன குணத்துக்குச் சம்பளம் கொடுத்த ஒரே மனிதர் அவர்தான்.

அப்பேர்ப்பட்ட முனியம்மாள் அன்று வாய் திறக்காமல் ஒரு பித்தளைக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடம் குப்புராஜின் மேஜைமேல் இருந்தது. அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஹமீதுன்னிசா எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். புளி மண்டி அப்துல் கனியின் தங்கை. அவள் புருஷன், கணக்கு வாத்தியார் அப்துல் ஷுக்கூர், வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது என்பது ஊருக்கே தெரியும். ஏன் போனார் என்பது முனியம்மாளுக்கே தெரியாது. தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி அது அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

குடத்தின் வயிற்றில், நன்றாக உப்பிய இடத்தில், புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய பெரிய இலக்கங்கள்: 73939133.

"போன் நம்பரா இருக்காதுங்க சார்," என்றாள் முனியம்மாள். "நம்மூர்ல மூணு இலக்கத்துக்கு மேல ஏது? எட்டு இலக்கத்துக்குப் போன் போட்டா நேரா எமலோகத்துல மணி அடிக்கும்."

"லாட்டரி?" குப்புராஜ் வேர்க்கடலை ஒன்றை உடைத்தார். யோசிக்கும்போது கடலை உடைப்பது அவர் வழக்கம். சிக்கலான கேஸ் என்றால் மேஜையெல்லாம் தோலாகிவிடும்.

"சீட்டு நம்பரையே குடத்துல வெட்டுறவன், பரிசு விழுந்தா கோயில் மணியிலயா வெட்டுவான்?"

ஹமீதுன்னிசா தலைநிமிர்ந்தாள். "அது எம்பொண்ணுங்க," என்றாள்.

கடலை உடைபடும் சத்தம் நின்றது.

"வஹிதா. அவ பொறந்தநாள் ஒவ்வொண்ணுக்கும் அவங்க அப்பா ஒரு இலக்கம் குடுப்பாரு. மொத வருசம் ஏழு. அடுத்த வருசம் பக்கத்துல ஒரு மூணு, எழுவத்தி மூணு. அப்புறம் எழுநூத்தி முப்பத்தி ஒம்போது. இப்படியே வளரும். ஆனா எந்த வருசமும் அந்த எண்ணை யாராலயும் பங்கு போட முடியக்கூடாதும்பாரு. எதால வகுத்தாலும் மீதி நிக்கணும். ஏழு வயசுக்கு ஏழு இலக்கம் வந்துச்சு. 7393913." அவள் விரல் குடத்தின் மேல் ஏழு இலக்கங்களைத் தடவி, எட்டாவதன் முன்னால் நின்றது. "எட்டு வயசு வர்றதுக்குள்ள காய்ச்சல் வந்து போயிட்டா."

முனியம்மாள் டம்ளரில் தண்ணீர் எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"பொண்ணுதான் போயிட்டா, எண்ணு போகலியேன்னு இவரு உக்காந்தாரு சார். அது வளர்ற வரைக்கும் இவளும் வளர்றான்னு சொல்லுவாரு. பாத்தவங்க சிரிச்சாங்க. ஒரு நாள், 'இது மேக்கொண்டு வளராம எங்கயாவது நின்னுச்சுன்னா அன்னிக்கு வூட்டுக்கு வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனாரு. போகும்போது ஏழுதான். மாரண்டஹள்ளிச் சந்தையில பழைய பித்தளைக்காரன் கடையில இதைப் பாத்தேன். எட்டு இருக்குது. அப்ப அவரு உசுரோட இருக்காருல்ல?"

"யாராவது சும்மா ஒரு மூணைச் சேத்து வெட்டியிருக்கலாமே?" என்றார் குப்புராஜ்.

"எங்கண்ணனும் அதேதான் சொல்லுது. ஓசூர்ல தோல் யாவாரி ஒருத்தரைப் பாத்து வெச்சிருக்குது. நாலு வருசம் தகவலே இல்லேன்னா கோர்ட்டுல சொல்லி நிக்காவை ரத்து பண்ணிக்கலாமாம். பக்ரீத் வந்தா நாலு முடியுது." குடத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பொஞ்சாதியா, இல்லையான்னு சொல்லுங்க சார். அது ஒண்ணுதான் வேணும்."

குடத்தை மறுபடி மேஜைமேல் வைத்துவிட்டு அவள் படியிறங்கிப் போனபின் குப்புராஜ் கதவைச் சாத்திக்கொண்டார். காலேஜில் கணக்குப் படித்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கேஸ்களைத் துருவியவர் அவர். இரண்டையும் ஒரே புத்தியால்தான் செய்தேன் என்பார்.

"ஏழு இலக்கத்துக்குப் பக்கத்துல எதை வெக்கலாம் சொல்லு முனியம்மா."

"எதையும் வெக்கலாம். உங்க காகிதம், உங்க பேனா."

"ரெட்டைப்படையை வெச்சா ரெண்டால வகுபடும். அஞ்சை வெச்சா அஞ்சால. மிச்சம் ஒண்ணு, மூணு, ஏழு, ஒம்போது. ஒண்ணையும் ஏழையும் வெச்சா இலக்கங்களோட கூட்டுத்தொகை மூணோட வாய்ப்பாட்டுல விழுந்துடுது. அவுட். மூணும் ஒம்போதும்தான் நிக்கும். அதுல எது சரின்னு தெரியணும்னா ஆயிரத்துக்கு மேல வகுத்தல் போடணும்."

அதைப் போட்டார். எத்தனை நாள் என்று முனியம்மாள் எண்ணவில்லை. டீக்கடைக்காரன்தான் எண்ணியிருப்பான். தாடி வளர்ந்து, ஆபீஸ் தரை கடலைத்தோலால் மூடிய ஒரு காலையில், "ஒம்போதை வெச்சா ஒடைஞ்சிடுது. எட்டாவதா நிக்கத் தகுந்தது மூணு மட்டும்தான்," என்றார். "சும்மா வெட்டினவன் சரியா அதையே வெட்டியிருக்க மாட்டான். இதைக் கண்டுபிடிச்சது ஷுக்கூர் வாத்தியார்தான்."

"அப்ப ஆளு இருக்காரு!"

"கண்டுபிடிச்சப்ப இருந்தாரு," என்றார் குப்புராஜ்.

முனியம்மாள் அந்த வாக்கியத்தில் பாதியைத்தான் காதில் வாங்கினாள். பிடித்த பாதியை மட்டும் வாங்குவது காதுக்கும் ஒரு கலை.

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர்களில் புள்ளி உளி பிடிப்பவர் ஊரில் ஒருவர்தான். நூர் பாஷா. ஹமீதுன்னிசாவின் தெருக்கோடியில் கோணிப்பை விரித்து உட்கார்ந்திருப்பார். குடத்தை மடியில் கவிழ்த்து ஒருமுறை தடவினார்.

"என் கைதான். ஒம்போதுக்கு வாலைச் சுருட்டுறது நான் மட்டும்தான்."

"வெட்டச் சொன்னது யாரு பாய்?"

"வத்தல்மலை ஆளு. தீர்த்தன்னு பேரு. போன ஐப்பசியில வந்தான். பேரு என்ன வெட்டணும்னு கேட்டா, ஒரு காஞ்ச சொரக்குடுக்கையை நீட்டறான். அதுல சுண்ணாம்புல இந்த இலக்கம். எழுதலீங்க, கோலம் மாதிரி வரைஞ்சிருந்தான். படிக்கத் தெரியாத கை. 'இது என்னடா'ன்னேன். 'இருக்கற மாதிரியே வெட்டுங்க பாய், ஒரு புள்ளி மாறக்கூடாது'ன்னுட்டான்."

"அது ஏன் வயித்துல வெட்டினீங்க? பாத்திரத்துக்குக் கழுத்துலதானே பேரு வரும்?" இது குப்புராஜ்.

"கலியாணச் சீருக்குன்னா கழுத்துல, பொடி எழுத்து. வூட்டு ஆளுங்க பாத்தாப் போதும். தருமத்துக்கு விடற பாத்திரம்னா வயித்துல, பெரிசா. தண்ணி குடிக்கறவன் தூரத்துல இருந்தே யாரு தருமம்னு படிக்கணுமில்ல? இவன் தண்ணிப் பந்தலுக்குன்னு சொன்னான்."

குப்புராஜ் பையிலிருந்து கடலை எடுத்தார். உடைக்கவில்லை. திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"நான் போய் அடிவாரத்துக்கு எப்ப பஸ்சுன்னு விசாரிக்கிறேன். நீ நேரா ஸ்டாண்டுக்கு வந்துடு. நேரா," என்று அழுத்திச் சொன்னார்.

முனியம்மாளும் நேராகத்தான் போனாள். வழியில் ஹமீதுன்னிசா வீடு இருந்தால் அவள் என்ன செய்வாள்? வாசலில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தவளிடம், "அழுவாத ஹமீதா. உம்புருசன் வத்தல்மலையில இருக்காரு. தண்ணிப் பந்தல் வெச்சுப் புண்ணியம் தேடிக்கிட்டிருக்காரு. நாளைக்குள்ள கூட்டியாறோம்," என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

முறம் கைநழுவியது. ஹமீதுன்னிசா முகத்தில் அப்போது வந்ததைப் பார்த்த முனியம்மாளுக்கு, இத்தனை வருஷம் ஊர்க்கதை சுமந்ததற்கு இன்றைக்குத்தான் கூலி கிடைத்தது என்று தோன்றியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சொன்னாள். சொல்லாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் அல்லவா.

மறுநாள் காலை மலையேற்றம். ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதை. முனியம்மாள் பத்தடிக்கு ஒருமுறை நின்று, துப்பறியும் தொழிலை சமதரையில் நடத்தக்கூடாதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். குப்புராஜ் சிரிக்கவில்லை.

"முனியம்மா, நான் எட்டோட நிறுத்தல. ஒம்போதாவது இலக்கத்தையும் போட்டுப் பாத்தேன்."

"அதான் தாடியா?"

"ஒண்ணும் ஏழும் பழையபடி மூணுல விழுந்துடுது. மூணை வெச்சா நூத்தி இருவத்தேழால வகுபடுது. ஒம்போது என்னை ரொம்ப இழுத்தடிச்சுது. கடைசியில அதுவும் ஒடைஞ்சிடுச்சு. அந்த எண்ணு எட்டோட முடிஞ்சு போச்சு. பக்கத்துல வெக்க இனி உலகத்துல ஒரு இலக்கமும் கிடையாது."

"முடிஞ்சா நல்லதுதானே? வூட்டுக்கு வந்துடறேன்னு..." முனியம்மாள் அப்படியே நின்றாள்.

"ஆமா. போன ஐப்பசியிலயே எட்டு கெடச்சிருச்சு. வருசம் ஆகப்போகுது. அவரு ஏன் வரல?"

காற்று குளிர்ந்திருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "சார், நான் நேத்து ஹமீதா வூட்டு வழியா வந்தேன்," என்றாள் மெல்ல.

குப்புராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. நடையை மட்டும் வேகமாக்கினார்.

தீர்த்தன் சாமைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். குடம் என்று சொன்னதுமே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"கெடச்சிருச்சுங்களா? அடிவாரத்துப் பந்தல்ல வெச்சிருந்தது. எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

"அதுல இருக்கற எண்ணைக் குடுத்தவரு எங்கப்பா?"

தீர்த்தன் முன்னால் நடந்தான். கொல்லையைத் தாண்டி ஒரு பெரும்பாறை. மழைக்கு ஒதுங்கும் அளவுக்கு முன்னால் சாய்ந்திருந்தது. அதன் அடிமுகம் முழுவதும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எண்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, அழித்து அழித்து எழுதிய வகுத்தல் கணக்குகள். உச்சியில் பெரிதாக அந்த எட்டு இலக்கம். கீழே அதன் பக்கத்தில் ஓர் ஒன்பதைச் சேர்த்து வாத்தியார் வகுத்துக்கொண்டே போயிருந்தார். ஓர் இடத்தில் வகுத்தல் பாதியில் நின்றிருந்தது.

"இங்கதாங்க இருந்தாரு. பேரு கேட்டா சொல்லமாட்டாரு. நாங்க கணக்குச்சாமின்னு கூப்புடுவோம். ராகிக்களி குடுத்தாத் தின்னுவாரு, இல்லேன்னா கேக்கமாட்டாரு. அந்த எட்டாவது கெடச்ச அன்னிக்கு எங்க வூட்டுக்கு ஓடியாந்தாருங்க. 'தீர்த்தா, எம்பொண்ணுக்கு எட்டு வயசு ஆயிடுச்சு'ன்னு சொல்லி எங்க ஊட்டுக்காரி கையில இருந்த வெல்லத்தை வாங்கி எல்லாருக்கும் குடுத்தாரு. மறுநாளே ஒம்போதுக்கு உக்காந்துட்டாரு. பொரட்டாசி மழையில குளுருகாய்ச்சல் வந்துச்சு. கீழ தூக்கிட்டுப் போலாம்னு தொட்டில் கட்டினோம். 'இந்த ஒரு வகுத்தலை முடிச்சுக்கறேன்'ன்னாரு."

பாறைக்குக் கொஞ்சம் தள்ளிக் கற்கள் அடுக்கிய ஒரு மண்மேடு இருந்தது. அதை அவர்கள் முன்னமே பார்த்துவிட்டிருந்தார்கள். யாரும் முதலில் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அவரு மேக்க பாத்து மண்டி போட்டுக் கும்புடுவாருங்க. அதனால மூஞ்சியை மேக்க திருப்பி வெச்சே பொதைச்சோம். சரிதானுங்களா?"

"சரிதான்," என்றார் குப்புராஜ். மேட்டிலிருந்து சரிந்திருந்த ஒரு கல்லை எடுத்து வைத்தார். "குடம் எதுக்கு வெச்சீங்க?"

"எங்ககூட இருந்து செத்தவங்க பேருல அடிவாரத்துல தண்ணிக் குடம் வெப்போமுங்க. போறவங்க வர்றவங்க பேரைச் சொல்லிக் குடிக்கணும். இவருக்குப் பேரில்ல. கணக்குச்சாமிங்கறது நாங்க வெச்ச பேரு, அதை வெட்டினா இவரு வூட்டு ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்? பாறையில இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினாரு. ஒரு மனுசன் எழுதினதையே எழுதினா அது பேராத்தான் இருக்கோணும்னு நெனச்சேன். குடுக்கையில வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போனேன்." அவன் தலையைச் சொறிந்தான். "பந்தல்ல ஊர்ப்பட்ட பேரு தண்ணி குடிச்சாங்க. ஒருத்தருக்கும் தெரியல. திருட்டுப்பய தூக்கிட்டுப் போயித்தான் அது வூடு சேந்திருக்குது, பாருங்க."

பெயரில்லாதவனுக்கு மலைக்காரன் தேடிக் கொடுத்த பெயர் அது. அதை உயிர் என்று படித்தாள் ஒருத்தி. புண்ணியம் என்று படித்து ஊரெல்லாம் சொன்னாள் இன்னொருத்தி.

கிளம்பும்போது தீர்த்தன் முனியம்மாளிடம் வந்தான். "ஏனுங்கக்கா, அந்தப் பாப்பா எப்படி இருக்குது? இந்நேரம் ஒம்போது முடிஞ்சிருக்குமே. அப்பன் இல்லாம..."

உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பது முனியம்மாளின் ஆயுளில் நடந்ததேயில்லை.

"நல்லா இருக்குதுப்பா," என்றாள். "நல்ல வளத்தி. அப்பன் மூஞ்சி."

தீர்த்தன் முகம் தெளிந்தது. இரண்டு படி சாமையைத் துணியில் முடிந்து, பாப்பாவுக்கு என்று கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். இறங்கும் வழியெல்லாம் அந்த முடிச்சை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்தாள். குப்புராஜ் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியும் கொடுக்கவில்லை.

தெருமுனையில் இறங்கியபோதே தெரிந்துவிட்டது. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நெய்ச்சோற்று வாசனை. அப்துல் கனி புளி மண்டியை மூடிவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றிருந்தார். ஓசூர்க்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாராம். ஹமீதுன்னிசா பச்சைப் புடவையில் இருந்தாள்.

"நான் போய்ச் சொல்றேன்," என்றார் குப்புராஜ்.

"வேணாங்க சார். நேத்து சொன்ன வாய்தான் இன்னிக்கும் சொல்லணும்."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேராகப் போனவர்கள் இரண்டு பேராகவே திரும்பி வருவதை ஹமீதுன்னிசா வாசல்நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். முனியம்மாள் கிட்டே வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எட்டுலயா, ஒம்போதுலயா?"

"ஒம்போதுக்கு வகுத்துக்கிட்டே இருந்தாரும்மா."

"அது நிக்குமா சார், ஒம்போது?"

"நிக்காதும்மா," என்றார் குப்புராஜ். "இன்னும் கொஞ்சம் வகுத்திருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்கும்."

"அப்ப வரத்தான் இருந்தாரு," என்றாள் ஹமீதுன்னிசா. யாருக்கோ பதில் சொல்வதுபோல மறுபடியும் சொன்னாள். "வரத்தான் இருந்தாரு."

முனியம்மாள் ஏதோ பேச வாயெடுத்தாள். மன்னிப்பு கேட்க என்றுதான் நினைத்தாள். ஹமீதுன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். "ஒரு ராத்திரி அவரு வர்றாருன்னு தூங்கினேன் அக்கா. நாலு வருசத்துல அந்த ஒரு ராத்திரிதான் தூங்கினேன்."

உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வெள்ளையில் வந்தாள். கூடத்து மூலையில் பாயை விரித்தாள். புருஷன் செத்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் உட்காரும் இத்தா அது என்பது பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. அதற்குள் அப்துல் கனி, சாவு எப்போது நடந்தது என்று குப்புராஜிடம் கேட்டுக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓடிப்போய் வந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனார்.

"ஹமீதா, ஹஜ்ரத்தைக் கேட்டுட்டேன். இத்தா சாவு நடந்த நாள்ல இருந்து கணக்கும்மா. அவரு போய் வருசம் ஆகுது. உனக்குத் தெரியாமயே அது முடிஞ்சு போச்சு. நீ உக்கார வேண்டியதில்ல."

ஹமீதுன்னிசா பாயில் உட்கார்ந்தாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அது அவரோட சாவுக்கு, அண்ணா," என்றாள். "எனக்கு அவரு இன்னிக்குத்தான் செத்தாரு. கதவைச் சாத்து."